நிறுவனர் இல்லத்தில் இடம் உண்டு

பெருந்தன்மை இந்த உலகத்தை விட்டே போய்விட்டது என்று சிலர் புலம்புகிறார்கள். அவர்களுக்கு விவரம் போதாது. பெருந்தன்மை எங்கள் பல்கலைக்கழக வளாகத்தில், பிரதான வாயிலுக்கு நேர் எதிரே, திங்கட்கிழமை தவிர எல்லா நாளும் காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை பத்திரமாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். நுழைவுக் கட்டணம் உண்டு. மாணவர்களுக்குச் சலுகை கிடையாது. சலுகை கொடுத்தால் அவர்கள் பாட்டுக்கு உள்ளே வந்துவிடுவார்கள் என்று ஆட்சிக்குழு அஞ்சுகிறது.

அதன் பெயர் 'நிறுவனர் இல்லம்'. எங்கள் பல்கலைக்கழகத்தைத் தோற்றுவித்தவர் வாழ்ந்த வீடு. மூன்று அறை, ஒரு கூடம், பின்னால் சமையலறை, மேலே ஓடு. சரியாகச் சொன்னால், அந்த வீட்டில் அவர் வாழ்ந்ததைவிட மாணவர்கள் வாழ்ந்ததே அதிகம். தங்க இடமில்லாமல் படிப்பை விடப் பார்த்த பிள்ளைகளை எல்லாம் மனிதர் கூப்பிட்டு வீட்டில் வைத்துக்கொண்டார். கூடத்தில் படுத்தார்கள். சமையலறையில் உட்கார்ந்து படித்தார்கள். அவருடைய கட்டிலில் பிள்ளைகள் தூங்க, அவர் நாற்காலியிலேயே தூங்கிப் பழகிக்கொண்டாராம். வாசல் கதவுக்கு அவர் தாழ்ப்பாளே வைக்கவில்லை. அகாலத்தில் வரும் பிள்ளை கதவைத் தட்டக் கூச்சப்பட்டுத் திரும்பிப் போய்விடும் என்பது அவர் வாதம்.

இப்பேர்ப்பட்டவருடைய வீட்டைக் காக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் விலங்கியல் பேராசிரியர். மாணவர்களுக்குப் பாடம் நடத்தியதைவிட ஆந்தை, கீரி, உடும்பு ஆகியவற்றைப் பாடம் செய்ததில்தான் எனக்குப் பெயர் அதிகம். "செத்ததைக் கெடாம வெச்சிருக்கத் தெரிஞ்சவர் நம்மகிட்ட இவர் ஒருத்தர்தான்" என்று துணைவேந்தர் ஆட்சிக்குழுவில் முன்மொழிந்தார். கரவொலியோடு நிறைவேறியது. நான் 'பொறுப்பு இயக்குநர்' ஆனேன்.

பொறுப்பேற்றதும் முதல் வேலையாக அந்தத் தாழ்ப்பாள் இல்லாத கதவைக் காப்பாற்றினேன். தாழ்ப்பாள் இல்லாத கதவு கிடைப்பதற்கரியது. எவனாவது பெயர்த்துக்கொண்டு போய்விட்டால்? ஆகவே அதற்கு முன்னால் ஓர் இரும்புக் கதவு போட்டு, மேலே ஒன்று கீழே ஒன்று தாழ்ப்பாள் வைத்து, நடுவில் பூட்டும் தொங்கவிட்டேன். நிறுவனர் தூங்கிய நாற்காலியைச் சுற்றிக் கயிறு கட்டினேன். அவருடைய மூக்குக்கண்ணாடி எங்கே தேடியும் கிடைக்காததால் எங்கள் பதிவாளருடைய மாமனாரின் கண்ணாடியை வைத்து, 'அக்காலக் கண்ணாடி' என்று சீட்டு ஒட்டினோம். இதில் பொய் ஏதும் இல்லை. பதிவாளரின் மாமனாரும் அந்தக் காலத்து ஆள்தான்.

அடுத்து 'பார்வைக் கோணம்'. பிரதான வாயிலில் நின்று பார்த்தால் இல்லம் கண்ணுக்குத் தெரியவில்லை. குறுக்கே மாணவியர் விடுதி நின்றது. ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்த மகானின் வீட்டை, ஏழைப் பெண்கள் தங்கியிருக்கும் கட்டடம் மறைப்பதா? என் நெஞ்சு கொதித்தது. துணைவேந்தரின் நெஞ்சும் கொதித்தது. பதிவாளர் கொதிக்க மாட்டார். ஆனால் கையெழுத்துப் போட்டார். விடுதியை இடித்தோம். இப்போது வாயிலில் நின்றால் நீளமாகப் புல்வெளி, அதன் முடிவில் இல்லம். கண்கொள்ளாக் காட்சி. விடுதிப் பெண்கள் எங்கே போனார்கள் என்று யாரோ ஓர் ஆசிரியர் கேட்டார். 'மாற்று ஏற்பாடு பரிசீலனையில் உள்ளது' என்று பதில் அனுப்பினோம். பரிசீலனை இன்றுவரை நல்லபடியாக நடந்துகொண்டிருக்கிறது.

திறப்பு விழாவுக்கு வாசலில் பித்தளைப் பலகை ஒன்று பதித்தோம். அதன் வாசகத்தைத் துணைவேந்தரே எழுதினார்: 'இடம் கேட்டு இவ்வாசலுக்கு வந்த எந்த மாணவரும் திரும்பிப் போனதில்லை.' படித்தவர்களுக்கெல்லாம் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது. படித்துவிட்டு ஒருத்தி பெட்டியோடு வந்து நிற்பாள் என்று மட்டும் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வந்து நின்றாள். ஒரு காலை நேரம். ஒல்லியான பெண். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் சுருட்டிய போர்வை. இயற்பியல் முதுகலை, கடைசி வருடம்.

"டிக்கெட் அந்தப் பக்கம்மா" என்றேன்.

"பாக்க வரல சார். தங்க வந்தேன்."

"எங்க?"

"இங்கதான். வாசல்ல போர்டு போட்டிருக்கீங்களே."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அதனால் நானும் நிறுத்திக்கொண்டேன்.

"அது அறிவிப்பு இல்லம்மா. அது வரலாறு."

"வரலாறு எப்ப சார் முடிஞ்சுது?"

"திறப்பு விழா அன்னிக்கு."

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். "முன்னாடி ஹாஸ்டல்ல இருந்தேன் சார். அதை இடிச்சிட்டீங்க. அப்புறம் சித்தி வீட்ல இருந்தேன். அவங்களுக்கு இருக்கறதே ஒரே ரூம். சித்தப்பா ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஆனா நான் உள்ள வந்தா அவர் எழுந்து வெளிய போய் உக்காந்துக்குவார். அவரை எத்தனை நாள் அப்படி உக்கார வெக்கிறது? ஊர்லேர்ந்து வந்து போகலாம்னா பாதி நாள் பஸ்லயே போயிடுது. இந்த மாசத்துக்குள்ள இடம் கிடைக்கலன்னா படிச்சது போதும், வந்துடுன்னு அம்மா சொல்லிட்டாங்க. பரீட்சை முடியற வரைக்கும்தான் சார். ஒரு மூலை போதும்."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் அந்தச் சுரைக்காயை நம்பி ஒருத்தி சட்டியோடு வந்து நின்றால் என்ன செய்வது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளைத் திருப்பி அனுப்பினால் பலகை பொய்யாகிவிடும். பலகையோ பித்தளை.

"சரி, உக்காரும்மா, கேட்டுச் சொல்றேன்" என்றேன். பிறகுதான் அங்கே இருந்த அத்தனை நாற்காலியும் காட்சிப் பொருள் என்பது நினைவுக்கு வந்தது. "இல்ல, நில்லு" என்றேன்.

அவசரக் கூட்டம் கூடியது. துணைவேந்தர், பதிவாளர், நான்.

"அனுப்பிடலாம். ஒரே ஒரு பொண்ணுதானே" என்றார் பதிவாளர்.

"அனுப்பினா போர்டு பொய்யாயிடும்யா. தரமதிப்பீட்டுக் குழு வேற வரப்போகுது. எவனாவது போட்டுக் குடுத்தா?" என்றார் துணைவேந்தர்.

"அப்ப 'பெரும்பாலும்'னு ஒரு வார்த்தையைச் சேர்த்துடலாம். 'பெரும்பாலும் திரும்பிப் போனதில்லை.'"

"பித்தளையில எங்கய்யா சேக்கறது?"

"பேசாம இடம் குடுத்துட்டா என்ன?" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. இருவரும் என்னைப் பார்த்த பார்வையில் நான் தண்ணீர் குடித்தேன்.

"இடத்தைக் குடுத்தா மடத்தைப் பிடுங்குவாங்க" என்றார் பதிவாளர். "ஹாஸ்டல் பொண்ணுங்க எல்லாம் நாளைக்கே பெட்டியோட வந்து நிப்பாங்க. அப்புறம் மியூசியத்தை எங்க வெக்கிறது?"

துணைவேந்தர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண்ணை மூடினால் ஒன்று தூங்குகிறார், அல்லது சிந்திக்கிறார். இந்தத் தடவை சிந்தித்தார். "உள்ள வெச்சுக்கலாம்" என்றார். "ஆனா மாணவியா வேணாம்."

"பின்ன?"

"காட்சியா."

மேதைமை என்பது இதுதான். இல்லத்தின் மூன்றாவது அறை 'மாணவர் அறை'. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு விளக்கு. ஆள்தான் இல்லாமல் இருந்தது. அதில் இந்தப் பெண் உட்கார்ந்து, நிறுவனர் இடம் கொடுத்துக் காப்பாற்றிய ஏழை மாணவியாக 'உயிர்ப்புக் காட்சி' அளிப்பாள். தங்க இடமில்லாத பெண்ணாக நடிக்க அவளுக்குத் தனியாகப் பயிற்சி கொடுக்கத் தேவையில்லை. அந்தச் செலவை ஏற்கெனவே விடுதி இடிப்பில் கணக்குக் காட்டியாயிற்று. ஐந்து மணிக்கு இல்லத்தை மூடும்போது அவள் போய்விட வேண்டும்.

அவளிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப ராத்திரி சார்?"

"ராத்திரி பார்வையாளர்கள் வர மாட்டாங்கம்மா. அப்புறம் நீ இருந்து யாருக்குப் பிரயோஜனம்?"

அவள் அறையை எட்டிப் பார்த்தாள். மேசை இருந்தது. விளக்கு இருந்தது. சத்தம் இல்லை. வகுப்புகள் முடிந்து பரீட்சைக்குப் படிக்கும் காலம் அது. "சரி சார். பகல்லயாவது படிக்கறேன்" என்றாள். இரவை அப்புறம் பேசி வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள் அல்லவா, அந்த நம்பிக்கை.

காட்சி பிரமாதமாக அமைந்தது. அவள் கையில் நிறுவனரின் வாழ்க்கை வரலாறு இருக்க வேண்டும் என்பது விதி. அதற்குள் அவள் தன் இயற்பியல் புத்தகத்தை ஒளித்து வைத்துப் படித்தாள். எனக்குத் தெரியும். ஆனால் வாழ்க்கை வரலாற்றைப் படித்தால் முகத்தில் அவ்வளவு கவனம் வராது என்பதால் விட்டுவிட்டேன். பார்வையாளர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று வியந்தார்கள்.

"பொம்மையா, நிஜமா?"

"கண்ணு சிமிட்டுது பாரு."

"பேட்டரி போட்டிருப்பாங்க."

ஒரு தகப்பனார் தன் மகளை முன்னால் தள்ளினார். "பாத்தியா, ஒரு வசதியும் இல்லாம எப்படிப் படிக்குது! உனக்குத் தனி ரூம் குடுத்தும் உக்கார மாட்டேங்கற."

"அப்பா, அதுக்கும் தனி ரூம்தானேப்பா?"

"அது காட்சிடி. வாயை மூடு."

ஒரு நாள் வயதான பெண்மணி ஒருவர் வந்தார். இதே வளாகத்தில் படித்தவராம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். "ஏம்மா, நீ நிஜமா எங்கம்மா தங்கியிருக்க?" என்று கேட்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். காட்சிகள் சொந்த விஷயம் பேசக் கூடாது. அவள் நாங்கள் எழுதிக் கொடுத்திருந்த வசனத்தை ஒப்பித்தாள்: "நிறுவனர் ஐயா எனக்கு இடம் கொடுத்தார்." அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். யாரைச் சொன்னார் என்று தெளிவாக இல்லை. நிர்வாகத்தைச் சொன்னதாகப் பார்வையாளர் கருத்தில் சேர்த்துக்கொண்டோம்.

மாலையானால் மணி அடிக்கும். அவள் தன் புத்தகத்தை வாழ்க்கை வரலாற்றிலிருந்து உருவிக்கொண்டு, பெட்டியையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு ஊர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். விடிவதற்குள் அங்கே கிளம்பி மறுபடி வருவாள். தாழ்ப்பாள் போட்டுப் பூட்டுவது நான்தான். என் கடமையில் நான் ஒரு நாளும் தவறியதில்லை.

என் மனைவிக்குப் பெருந்தன்மையின் நிர்வாகச் சிக்கல்கள் புரியாது. ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டாள்:

"அந்தப் பொண்ணு ராத்திரி எங்கங்க தூங்குது?"

"பாதி பஸ்ல. மீதி ஊர்ல."

"நம்ம மாடி ரூம் சும்மாதானே கிடக்கு?"

"சும்மாவா? நிறுவனரோட குடையெல்லாம் அங்கதானே இருக்கு?"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நிறுவனர் பயன்படுத்திய குடை என்று சொல்லி ஊர்மக்கள் அன்போடு கொண்டுவந்து கொடுத்த குடைகள் ஒரு அறை நிறைய இருந்தன. இல்லத்தில் இடம் போதாமல் என் வீட்டு மாடியில் வைத்திருந்தேன்.

"ஒரு மனுஷனுக்கு எதுக்குங்க அத்தனை குடை?"

"எது அசல்னு ஆய்வு நடக்குது. முடியற வரைக்கும் ஒண்ணையும் நகர்த்தக் கூடாது."

"சரி. குடையெல்லாம் நனையாம இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தட்டை வைத்த சத்தத்திலேயே அவளுடைய மாற்றுக்கருத்து விளங்கிவிட்டது. குறிப்பில் ஏற்றவில்லை.

தரமதிப்பீட்டுக் குழு வந்தது. குழுத் தலைவர் நரைத்த தலையும் நடுங்கும் குரலும் உள்ள பெரிய அறிஞர். நூலகத்தைப் பார்த்தார், ஆய்வுக்கூடத்தைப் பார்த்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சாப்பாட்டுக்கு மேல் இல்லத்துக்கு அழைத்து வந்தோம். துணைவேந்தர் முன்னால் நடக்க, நான் ஓடிப்போய் மூன்றாவது அறையை எட்டிப் பார்த்தேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காட்சி தூங்கிக்கொண்டிருந்தது.

மேசையில் இல்லை. கட்டிலில். நிறுவனரின் அசல் கட்டிலில்! தோள் வரை போர்வை. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை புத்தகத்தின் மேல். எழுப்பலாம் என்று கயிற்றைத் தூக்கினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எழுப்ப மனசு வரவில்லை. அது ஒரு மதியத் தூக்கம் அல்ல. பல நாள் தூக்கம் ஒன்றாகச் சேர்ந்து வந்திருந்தது. நான் பொறுப்பேற்ற பிறகு அந்த வீட்டில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக மனிதர் குடியிருப்பது போல இருந்தது. அதற்குள் குழு வந்துவிட்டது.

"உஷ்" என்றார் தலைவர், வாயில் விரலை வைத்து. எல்லோரும் நின்றோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுதான்யா உங்க நிறுவனரோட ஆன்மா" என்றார் மெல்ல. "பயமில்லாம ஒரு பிள்ளை தூங்குது பாருங்க. என்ன தத்ரூபம்! எப்படி இவ்வளவு இயல்பா நடிக்க வெச்சீங்க?"

"தொடர் பயிற்சி, ஐயா" என்றார் துணைவேந்தர், இமைக்காமல்.

எங்களுக்கு முதல் தரம் கிடைத்தது. நூலகத்துக்கு அல்ல; தூக்கத்துக்கு.

குழு போன பிறகு விழித்த பெண் நடுங்கிப்போனாள். "மன்னிச்சிருங்க சார், கண்ணு சொருகிடுச்சு."

"மன்னிப்பா? உன்னால பல்கலைக்கழகமே தலை நிமிர்ந்திருச்சும்மா" என்றார் துணைவேந்தர். "என்ன வேணும் கேளு."

அவள் தயாராக இருந்தாள். "ராத்திரியும் இங்கயே தூங்கிக்கறேன் சார். பரீட்சை வரைக்கும்."

துணைவேந்தர் பதிவாளரைப் பார்த்தார். பதிவாளர் விதியைச் சொன்னார்: மூடும் நேரத்துக்குப் பிறகு இல்லத்துக்குள் 'நபர்கள்' இருக்கக் கூடாது. 'பொருட்கள்' இருக்கலாம்.

"இந்தப் பொண்ணு நபரா, பொருளா?" என்று துணைவேந்தர் கேட்டார். பெரிய கேள்வி. சட்ட ஆலோசகருக்கு அனுப்பினோம். ஐந்து மணி வரை பொருள், ஐந்து மணிக்கு மேல் நபர் என்று தெளிவாகப் பதில் வந்தது.

இதற்கிடையில் 'தூங்கும் மாணவி'யின் புகழ் பரவிவிட்டது. கூட்டம் புல்வெளியைத் தாண்டி வரிசையில் நின்றது. ஆனால் நாங்கள் எதிர்பார்க்காத ஒரு சிக்கல் முளைத்தது. அந்தப் பெண் தூங்க மறுத்தாள்.

"படுத்துக்கம்மா, ஆளுங்க வர்றாங்க."

"பரீட்சை கிட்ட வந்திருச்சு சார். படிக்கணும்."

"நீ படிக்கறதைப் பாக்க யாரும்மா வர்றா? தூங்கறதைப் பாக்கத்தான் கூட்டம்."

"ராத்திரி தூங்க விடுங்க சார், பகல்ல எப்படி வேணா இருக்கேன்."

பேரம் பேசும் காட்சியை வைத்துக்கொண்டு எந்த அருங்காட்சியகமும் நடத்த முடியாது. நான்தான் வழி கண்டுபிடித்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, தொழில் அனுபவம். என் மைத்துனர் துணிக்கடைகளுக்குப் பொம்மை செய்து கொடுப்பவர். வரவழைத்தேன்.

"மெழுகுல செஞ்சிடலாம் அத்தான். தலைமுடிகூட ஒவ்வொண்ணா நட்டுடுவேன்" என்றார். "முகத்தை மட்டும் அச்செடுக்கணும். கொஞ்ச நேரம் அசையாம படுக்கச் சொல்லுங்க."

"எதுக்கு சார் இது?" என்று அவள் கேட்டாள்.

"உன் ஞாபகமா ஒண்ணு இருக்கட்டும்மா."

முகத்தில் மாவுக்கட்டைப் பூசி, மூக்குக்கு மட்டும் இரண்டு குழாய் வைத்தார் மைத்துனர். மாவு இறுகுவதற்குள் அவள் தூங்கிவிட்டாள். "இந்த மாதிரி ஒத்துழைப்பு குடுக்கற ஆளை நான் பாத்ததே இல்ல அத்தான்" என்று மைத்துனர் பாராட்டினார். பொம்மைக்கு எல்லாம் புதிதாகச் செய்யலாம். புழங்கிய போர்வையை மட்டும் புதிதாகச் செய்ய முடியாது. ஆகவே அவளுடைய போர்வையை வாங்கி வைத்துக்கொண்டோம். எண் போட்டு, நிரந்தரச் சேகரிப்பில் சேர்த்தாயிற்று.

பொம்மை வந்த அன்று அவளை அழைத்து நன்றி சொன்னோம். சான்றிதழ் ஒன்றும் கொடுத்தோம். அதில் அவளை 'முன்னாள் காட்சி' என்று குறிப்பிட்டிருந்தோம். பிற்காலத்தில் வேலை தேடும்போது உதவும்.

பொம்மையைக் கட்டிலில் படுக்க வைத்த பிறகுதான் அந்த அறை எவ்வளவு வசதிக் குறைவானது என்று எங்களுக்குப் புரிந்தது. ஓட்டு வீடு. மதிய வெக்கையில் பொம்மையின் மூக்கு சற்றே சாய்ந்துவிட்டது. துணைவேந்தர் பதறிப்போனார். உடனே ஏசி வைத்தோம். இரவும் பகலும் ஓடும். மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர். தலையணை கட்டையாக இருந்ததால் பின்மண்டை தட்டையாகியது. பஞ்சுத் தலையணை வாங்கினோம். கொசு மெழுகில் ஒட்டிக்கொள்கிறது என்று கொசுவலை. தனியாக இருக்கிறதே என்று இரவுக்கு ஒரு காவலர். தலைமாட்டில் ஒரு சிறு விளக்கு. யாருக்கும் எதற்கும் தடை இல்லை; எல்லாமே ஒரே கூட்டத்தில் நிறைவேறியது.

போன வாரம் அந்தப் பெண் மறுபடி வந்தாள். கையில் பெட்டி. பக்கத்தில் அவள் அம்மா. மாசம் முடிந்துவிட்டது, ஊருக்குக் கூட்டிப்போக வந்திருந்தார். இருவரும் முறையாக டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

"இதாம்மா" என்றாள் அவள், மூன்றாவது அறை வாசலில் நின்று.

அந்த அம்மாள் கயிற்றருகே போய்ப் பார்த்தார். "அப்படியே உன்னை மாதிரியே இருக்குடி."

"என்னை வெச்சுத்தாம்மா செஞ்சாங்க."

"எவ்வளவு நிம்மதியாத் தூங்குது." அவர் என் பக்கம் திரும்பினார். "ஐயா, ராத்திரியும் இது இங்கயேதான் இருக்குமா?"

"ஆமாம்மா."

"குளுகுளுன்னு இருக்கே. எப்பவுமே இப்படித்தானா?"

"எப்பவுமேம்மா. இல்லன்னா உருகிடும்."

அவர் தலையாட்டினார். கொஞ்சம் யோசித்தார். பிறகு என் பக்கத்தில் வந்து, பெரிய மனிதரிடம் பேசுவது போலக் குரலைத் தாழ்த்தினார். "தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. பரீட்சை முடியற வரைக்கும் இந்தப் பொம்மையை எழுப்பி அந்த மூலையில சாய்ச்சு வெச்சிட்டு, இவளைப் படுக்க வெக்க முடியுமா? பாக்கறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது. இவ குறட்டைகூட விட மாட்டா."

"அம்மா, வாங்கம்மா" என்றாள் அந்தப் பெண்.

எனக்கு மனசு உருகியது. மறைக்கவில்லை. ஆனால் மனசு உருகுவதற்கு விதியில் ஒரு பிரிவும் இல்லை. "அதுக்கெல்லாம் வழி இல்லம்மா" என்றேன்.

"சரிங்கய்யா. கேட்டுப் பாத்தேன்" என்றார். போகத் திரும்பியவர் நின்றார். பொம்மையின் போர்வை தோளிலிருந்து சற்றே நழுவியிருந்தது. அவர் கயிற்றுக்கு மேலாகக் குனிந்து, கொசுவலையை ஒதுக்கி, போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டார். பிறகு மெழுகு நெற்றியில் விழுந்திருந்த முடியை விரலால் ஒதுக்கினார்.

"தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன்.

அவர் சுட்டது போலக் கையை எடுத்துக்கொண்டார். மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் புல்வெளி நெடுக நடந்து வாயிலுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது குறுக்கே ஒன்றும் இல்லாததால் கடைசி வரை நன்றாகத் தெரிந்தது.

ஆகவே எங்கள் பல்கலைக்கழகத்தில் ஏழைப் பெண்கள் தங்க இடமில்லை என்று இனி எவரும் வதந்தி பரப்ப வேண்டாம். இடம் இருக்கிறது. கட்டில் இருக்கிறது, மெத்தை இருக்கிறது, குளிர்ந்த காற்று இருக்கிறது, காவலுக்கு ஆள் இருக்கிறது. வாடகை கிடையாது, எத்தனை காலம் வேண்டுமானாலும் நிம்மதியாகத் தூங்கலாம். நாங்கள் போடும் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். மூச்சு விடக் கூடாது.